முப்பது பேர் போதாது

எழுபதுகளின் நடுவில், பாளையங்கோட்டையில் புள்ளியியல் படித்து முடித்த கையோடு தூத்துக்குடியில் எனக்கு ஒரு தற்காலிக வேலை கிடைத்தது. உப்பளத்தில் வேலை செய்பவர்களில் நூற்றுக்கு எத்தனை பேருக்குக் கண் கெட்டிருக்கிறது என்று கண்டறிய வேண்டும். ஒரு கண் டாக்டர், ஒரு நர்ஸ் அக்கா, நான். அவ்வளவுதான் குழு.

டாக்டர் முதலில் முப்பது பேரைப் பார்த்தார். மூன்று பேருக்குத்தான் பாதிப்பு. இதுதான் முடிவு என்று அவர் அறிக்கை எழுத உட்கார்ந்துவிட்டார்.

"சார், முப்பது போதாது" என்றேன்.

"முப்பது பேர் இருந்தாலே பெரிய சாம்பிள்னு உங்க புத்தகத்துலயே இருக்குல்லா?"

"அது வேற கணக்கு சார். இங்க இன்னும் மூணு பேர் அகப்பட்டிருந்தா பாதிப்பு ரெண்டு மடங்காயிருக்கும். இவ்வளவு கொஞ்ச ஆள்ல அது தற்செயலாவே நடக்கும். அந்தத் தற்செயல் பிழையைப் பாதியாக்கணும்னா நாலு மடங்கு ஆள் பாக்கணும். நூத்தியிருபது. வராதவங்களுக்காக இன்னும் முப்பது."

"புரட்டாசி பொறந்தாச்சு. மழை விழுந்தா அளத்துல ஒருத்தர் இருக்கமாட்டாங்க."

"அதுக்குள்ள முடிச்சிரலாம் சார்."

"முடியலைன்னா நீதான் பதில் சொல்லணும்" என்று பேனாவை மூடினார்.

அளங்களின் ஆள் பட்டியலை வாங்கிச் சீட்டுக் குலுக்கி நூற்றைம்பது பெயர்களை எடுத்தோம். நானும் நர்ஸ் அக்காவும் முன்னே போய் ஆளைக் கண்டுபிடித்து வைப்போம், டாக்டர் பின்னால் வந்து பார்ப்பார். மூன்றாவது அளத்தில் கங்காணி வழிமறித்தார். நாங்கள் கேட்ட பெண் ஊருக்குப் போய்விட்டாளாம்.

"இவளப் பாத்துக்கிடுங்க. கண்ணு பளிச்சுன்னு இருக்கு" என்று பக்கத்தில் நின்றவளை முன்னால் தள்ளினார்.

"மாத்தி ஆள் எடுக்க முடியாது அண்ணாச்சி. நீங்க காட்டுற ஆளையெல்லாம் பாத்தா, எத்தனை பேரைப் பாத்தும் பிரயோசனமில்ல" என்றேன்.

"அப்போ நாளைக்கு அளத்துக்குள்ள கால வைக்கியளான்னு பாப்போம்." அவர் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. உப்பு வாரிக்கொண்டிருந்தவர்கள் பலகையை அப்படியே நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள். நர்ஸ் அக்கா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

சாயங்காலம் அந்தப் பெண்ணின் வீட்டைத் தேடிப் போனோம். அவள் ஊருக்கெல்லாம் போகவில்லை. கதவைப் பாதி திறந்து நின்றாள்.

"இத்தன ஆள் கெடக்கு, என்னைய ஏன் டீச்சர் தேடி வாரிய?" என் கையில் இருந்த நோட்டைப் பார்த்து டீச்சர் என்றே நினைத்துவிட்டாள்.

"சீட்டுல உங்க பேரு விழுந்துட்டு."

"கண்ணக் காட்டுனா நாளைக்கு வேலை இருக்குமா?"

இருக்கும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "தெரியல. உங்களுக்கு வேண்டாம்னா நாங்க போயிருதோம்" என்றேன். உள்ளே குழந்தை அழுதது. போய்த் தூக்கிக்கொண்டு வந்து, கதவை முழுதாகத் திறந்தாள். இரண்டு கண்ணிலும் வெள்ளை விழியிலிருந்து சதை வளர்ந்து கருவிழியைத் தொட்டிருந்தது.

மறுநாள் வாசலில் எங்களை நிறுத்திவிட்டார்கள். டாக்டரே வந்து முதலாளியிடம் பேசிய பிறகுதான் உள்ளே விட்டார்கள். அதன்பின் தினமும் வானத்தைப் பார்த்தபடியே வேலை செய்தோம். மழை பிடித்துக்கொண்டபோது நூற்றிருபதைச் சற்றே தாண்டியிருந்தோம்.

அறிக்கையை வாசித்த கூட்டத்தில் முதலாளி ஒருவர் எழுந்தார். "சின்னப் பிள்ளை சீட்டுக் குலுக்கி எடுத்த கணக்கு" என்றார்.

டாக்டர் எழுந்தார். "கணக்குல வர்ற பிழையையெல்லாம் உங்களுக்குச் சாதகமாவே வச்சுப் பாத்தாலும், முதல்ல நான் சொன்னதவிட பாதிப்பு அதிகம். அந்த முப்பது பேர வச்சு நான் முடிவு கட்டுனது தப்பு."

சில அளங்களில், உப்பில் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணைத் தாக்காமலிருக்கக் கறுப்புக் கண்ணாடி கொடுத்தார்கள். எல்லா அளத்திலும் இல்லை. அந்தப் பெண்ணுக்கு நர்ஸ் அக்கா ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு ஏற்பாடு செய்தாள். ஆனால் தை பிறந்து வேலை தொடங்கியபோது பழைய அளத்தில் அவளைச் சேர்க்கவில்லை. அந்தச் சேதி கேட்டு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகு வேம்பார் பஸ்ஸில் ஒருதரம் அவளைப் பார்த்தேன். அந்தப் பக்கம் வேறோர் அளத்தில் வேலையாம். நான் கம்பியைப் பிடித்தபடி நின்றேன். பக்கத்தில் இருந்த குழந்தையைத் தூக்கி மடியில் வைத்து, "டீச்சர், இங்கன இடம் இருக்கு, உக்காருங்க" என்றாள்.