அந்தோணியிடம் ஸ்டியரிங்கைக் கொடுத்த நாள்

லாரி ஓட்ட வந்திருக்கும் தம்பிகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். டயர் வெடித்தால் மாற்றிவிடலாம், என்ஜின் மக்கர் பண்ணினால் மெக்கானிக்கைக் கூப்பிடலாம். "மாப்ள, கொஞ்ச தூரம் நான் ஓட்டுறேன்டா" என்று கூட்டாளி கேட்கும்போதுதான் முன்பெல்லாம் எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது.

அந்தோணியும் நானும் ஒரே நாளில் ஹெவி லைசென்ஸ் எடுத்தோம். அவனுக்கு அரசு பஸ்ஸில் வேலை கிடைத்தது. நான் லாரிக்கு வந்தேன். ரோட்டில் எதிரெதிரே வந்தால் ஹாரன் அடித்துக்கொள்வோம். பஸ்ஸில் இருப்பவர்கள் யாருக்கு அடிக்கிறான் என்று எட்டிப் பார்ப்பார்கள். அதில் எங்களுக்கு ஒரு பெருமை. ரிட்டயர் ஆக மூன்று வருஷம் இருக்கையில், சர்க்கரை அவன் வலது கண்ணைக் கெடுத்துவிட்டது. டெப்போவில் லைட் டூட்டி கொடுத்து மேசை முன்னால் உட்கார வைத்துவிட்டார்கள். எனக்கு எல்லாமே தெரியும். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனவனே நான்தான்.

ஒரு நாள் டி. கல்லுப்பட்டியில் ஹாலோ பிளாக் கல் ஏற்றித் திருநகரில் இறக்க வேண்டியிருந்தது. லீவு நாள் என்று அந்தோணியும் கூட வந்தான். ஊரைத் தாண்டியதும் ஆரம்பித்தான்.

"திருமங்கலம் வரைக்கும் குடுடா. எடது கண்ணு பளிச்சுனு தெரியுது."

"லோடு இருக்குடா..."

"அம்புட்டுச் சனத்த ஏத்திக்கிட்டுப் போனவன்டா நானு. கல்லு என்ன, பயந்து கத்தப்போகுதா?"

மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இடம் மாறி உட்கார்ந்தோம்.

அடடா, அவன் கையில் என் லாரி எவ்வளவு பதமாகப் போனது! கியர் விழுகிற சத்தமே கேட்கவில்லை. ஒரே கூத்து என்னவென்றால், பஸ் ஸ்டாப் வந்தாலே அவன் கை தானாக இடது பக்கம் ஒடித்தது. ஒரு ஸ்டாப்பில் நிறுத்தியே விட்டான். கூடையோடு ஓடிவந்த அக்கா, "அண்ணே, திருமங்கலம் போகுமா?" என்று கேட்டார்.

"டிக்கெட்டக் குடு மாப்ள" என்று என்னைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தான். கண் போனதிலிருந்து அவன் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

இது பஸ் இல்லை என்று அக்காவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பிக் கொஞ்ச தூரத்தில், வலது பக்கத்து மண்பாதையிலிருந்து ஒருவர் புல்லுக்கட்டோடு சைக்கிளில் ரோட்டில் ஏறினார். அந்தோணி வேகத்தைக் குறைக்கவில்லை. பார்த்திருப்பான் என்று ஒரு நொடி சும்மா இருந்துவிட்டேன். அவன் பார்க்கவே இல்லை.

"டேய், பிரேக்கு! பிரேக்கு!"

என் கத்தலுக்குத்தான் மிதித்தான். பின்னால் கல் சரிந்தது. லாரி நின்றபோது பம்பருக்கும் சைக்கிளுக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது.

"கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?" என்று சைக்கிள்காரர் ஏசிவிட்டுப் போனார்.

"பிரேக் லேட்டாப் புடிக்குதுடா, மெக்கானிக்கிட்டக் காட்டணும்" என்று நான் உளறினேன்.

அந்தோணி என்ஜினை அணைத்தான்.

"பிரேக்கக் குத்தம் சொல்லாத. என் கண்ணு லச்சணம் ஒனக்குத் தெரியாதா? நான் ஆசையில கேட்டேன். நீ முடியாதுன்னு சொல்லியிருந்தா ரெண்டு நாளு பேசாம இருந்திருப்பேன், அம்புட்டுத்தான? அதுக்குப் போயி ஒரு உசுர எடுக்கப் பாத்தமேடா!"

சாவியை என் கையில் வைத்துவிட்டு இறங்கினான். சுற்றி வந்து இடது பக்கம் ஏறிக்கொண்டான்; திருநகர் வரை நான்தான் ஓட்டினேன். அதன்பிறகு அவன் என் லாரியைக் கேட்டதே இல்லை. நான் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தையை அவன் வாயால் சொல்ல வைத்தேனே என்று இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

இப்போதெல்லாம் யார் கேட்டாலும், "தர மாட்டேன் மாப்ள" என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுகிறேன். முறைத்துக்கொண்டு போகிறார்கள். நன்றாக முறைக்கட்டும்.