வெறுங்குழல்

என் அக்காள் வீட்டுக்காரரிடம் ஒரு துப்பாக்கி இருந்தது. லைசென்ஸ் உள்ள துப்பாக்கி. முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கதையை யாரிடம் எடுத்தாலும் அவர்கள் வாயிலிருந்து வருகிற முதல் கேள்வி, "லைசென்ஸ் இருந்துச்சா?" என்பதுதான். இருந்தது ஐயா, இருந்தது. வருஷா வருஷம் வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு போய், ஆபீஸ் வாசலில் கால் கடுக்க நின்று புதுப்பித்து வந்த லைசென்ஸ். எங்கள் கண்மாய்க்கரைக் கருவேலங்காட்டில் லைசென்ஸ் இல்லாமல் வெடித்த துப்பாக்கிகளும் இருந்தன. அவற்றை எவனும் வந்து கேட்டதில்லை.

அபிராமத்துக்குத் தெற்கே, வானத்தைப் பார்த்து வெள்ளாமை செய்கிற ஊர் எங்களுடையது. கடலைச்செடி காய்ப்பிடிக்கிற நேரம் பார்த்துக் காட்டுப்பன்றி இறங்கும். ஒரு கூட்டம் இறங்கினால் போதும், விடிந்து போய்ப் பார்த்தால் உழுது போட்ட மாதிரி கிடக்கும். அதற்காகத்தான் மச்சான் அந்த நாட்டுத் துப்பாக்கியை வைத்திருந்தார். ஆசையும் உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன். எண்ணெய் போட்டுத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொள்வார். "எனக்கு இம்புட்டு எண்ணெ தேச்சு விட்டிருப்பீகளா ஒருநாளு?" என்று அக்காள் கேட்பாள்.

அது தோட்டா போடுகிற துப்பாக்கி அல்ல. குழல்வாய் வழியாகக் கருமருந்தைக் கொட்டி, பனைநாரைத் திணித்து, ஈயக்குண்டைப் போட்டு, இரும்புக்கம்பியால் இடித்துக் கெட்டிக்க வேண்டும். அப்படிக் கெட்டித்ததை வெளியே எடுக்கச் சுட்டுத் தீர்ப்பதுதான் வழி. கம்பியை விட்டு நோண்டினால் விரல் போய்விடும். தண்ணீர் ஊற்றினால் மருந்து நமத்துக் குழலும் துருவேறும்.

அதனால் எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. கெட்டித்த துப்பாக்கியோடு ஊருக்குள் நுழையக் கூடாது, அடுத்தவர் வாசலில் நிற்கவும் கூடாது. எல்லைக்கு வெளியிலேயே மண்ணில் சுட்டுத் தீர்த்துவிட்டு, துப்பாக்கியைத் தரையில் ஊன்றி, குனிந்து குழல்வாயில் வாயை வைத்து ஊதிக் காட்ட வேண்டும். அடியில் இருக்கிற சின்னத் துளை வழியே புகை வந்தால் அது வெறுங்குழல், பயமில்லை. அக்காளுக்கு அதுவும் போதாது. வாசலில் நிறுத்தி இன்னொரு தரம் ஊதச் சொல்லி, அந்தத் துளைக்கு நேரே உள்ளங்கையை வைப்பாள். காற்று பட்டால்தான் வழி விடுவாள்.

"லைசென்சு குடுத்த தொரைகூட இம்புட்டுச் சோதனை போடலயே தாயி" என்பார் மச்சான்.

"தொரை வீட்டுல பிள்ளைக இருக்கோ இல்லையோ, என் வீட்டுல இருக்கு. ஊதுங்க."

மார்கழியில் கண்மாய்க்குச் சிறகி வந்து இறங்கும்போது கீழக்கரையிலிருந்து ஒரு பாய் வருவார். கருவாடும் உப்பும் யாவாரம் பண்ணுகிறவர். பறவை சுடுவது அவருக்குப் பொழுதுபோக்கு. 'பிஸ்மில்லா' சொல்லாமல் விசையைத் தொடமாட்டார். அவருடையது இரட்டைக்குழல். நடுவில் மடக்கினால் பொசுக்கென்று திறந்துகொள்ளும், இரண்டு தோட்டாவையும் உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார், காரியம் முடிந்தது. மச்சான் அதை வாங்கி மடக்கி மடக்கிப் பார்ப்பார். "பாய், ஒங்களுது பொண்டாட்டி மாதிரி, சொன்னாக் கேக்குது. என்னுது மாமியா மாதிரி, உள்ள போனது வெடிச்சாத்தான் வெளிய வரும்" என்று சொல்லி, அக்காளிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்.

வெள்ளைக்காரன் போய்ச் சில வருஷங்களுக்குப் பிறகு, எங்களுக்கு மேற்கே இரண்டு ஊர்களுக்கு நடுவில் வெட்டுக்குத்து நடந்தது. எங்கள் ஊர் அதில் கலந்துகொள்ளவில்லை. ஆனாலும் பயம் வந்து ஒட்டிக்கொண்டது. எங்காவது பட்டாசு வெடித்தால்கூட ஆம்பளைகள் அரிவாளைத் தேடினார்கள். வட்டாரத்தில் இருக்கிற லைசென்ஸ் துப்பாக்கிகளையெல்லாம் ஸ்டேஷனில் வாங்கி வைத்துவிடலாம் என்று மேலே யோசித்தார்கள். அதற்கு முன்னால் துப்பாக்கிக்காரர்களைத் தாலுகா ஆபீசுக்குக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்டார்கள். பாயும் வந்திருந்தார். நானும் மச்சானோடு போனேன்.

"கொஞ்ச நாளைக்குத்தான். நிலைமை அடங்கினதும் அவங்கவங்க துப்பாக்கி அவங்கவங்களுக்கு" என்றார் அதிகாரி. நல்ல மாதிரியாகத்தான் பேசினார்.

மச்சான் எழுந்து கையைக் கட்டிக்கொண்டு, "கடலை முத்தி நிக்கிது சாமி. கொஞ்ச நாளைக்கு வராதீகன்னு பன்னிகிட்டயும் யாராச்சும் தண்டோராப் போட்டுட்டா நல்லது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்தார்.

பாய் சிரிக்கவில்லை. "நான் சிறகி சுடலேன்னா எனக்கு ஒண்ணும் நட்டமில்லீங்க. கறிக்கடையில வாங்கித் தின்னுக்கிடுவேன். இந்தத் தம்பி மாதிரி ஆளுக்குச் சோறு போயிருமே" என்றார். கருத்துக் கேட்டது அதோடு சரி. மறுவாரம் தண்டோராப் போட்டுவிட்டார்கள். கெடுவுக்குள் ஒப்படைக்காதவன் துப்பாக்கி கள்ளத் துப்பாக்கி என்று கணக்காம். எரிச்சலாக வந்தது எனக்கு. வெட்டிக்கொண்டவர்கள் அரிவாளால் வெட்டிக்கொண்டார்கள். பிடுங்கியது எங்கள் வீட்டுத் துப்பாக்கியை. அதுவும் ஏன்? எங்கள் வீட்டில் துப்பாக்கி இருப்பதுதானே அவர்களுக்குத் தெரியும்.

கெடு முடிய இன்னும் ஒரு நாள் இருந்தது. கடைசியாக ஒரு தரம் காவல் இருந்துவிடுவோம் என்று மச்சான் கெட்டித்துக்கொண்டு கடலைக்கொல்லைக்குப் போனார். அன்றைக்குப் பார்த்துப் பன்றி வரவில்லை. விடிந்த பிறகும் கெட்டித்தது கெட்டித்தபடி இருந்தது.

"எப்பவும் போல எல்லையில போயிச் சுட்டுருங்க" என்றாள், சோற்றுமூட்டையோடு என்னையும் கூட்டிக்கொண்டு கொல்லைக்கு வந்த அக்காள்.

"கூறு இருக்கா ஒனக்கு? இன்னைக்கு இங்கன ஒரு வெடிச்சத்தம் கேட்டா மேக்க இருக்கிறவன் என்ன நெனைப்பான்? நாலு தலை உருளும். ஒப்படைக்கப் போற வழியில ஆள் இல்லாத பொட்டலாப் பாத்துச் சுட்டுக்கிறேன்."

சோற்றுமூட்டையை நான் தூக்கிக்கொண்டேன். வழியெல்லாம் ஆள் நடமாட்டம். எந்த ஊருக்குள்ளும் நுழையாமல், ஊர் தாண்டி ஊர் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தோமே தவிர, சுட இடம் அமையவில்லை. எந்த ஸ்டேஷன் என்று சொல்லமாட்டேன். அது கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில்தான் சுடுகாட்டை ஒட்டி ஒரு பொட்டல் வந்தது. ஒரு வறண்ட வாய்க்கால், ஈ காக்கை இல்லை.

"மச்சான், பேசாம இப்பிடியே கொண்டு போயி, கெட்டிச்சிருக்குன்னு சொல்லிக் குடுத்துருவோம்" என்றேன்.

"கெட்டிச்ச துப்பாக்கியோட போலீசு வாசல்ல போயி நிக்கவா? நல்லாருக்கு மாப்ள ஒன் மரியாதை! தள்ளி நில்லு."

வாய்க்கால் கரை மண்ணில் குழலைத் தாழ்த்திச் சுட்டார். என் காது அடைத்துக்கொண்டது. சுடுகாட்டு மதிலுக்கு அந்தப் பக்கம் புளியமரத்தடியில் ரிசர்வ் போலீஸ் முகாம் போட்டிருந்தது எங்களுக்குத் தெரியாது. வெளியூரிலிருந்து கொண்டுவந்து இறக்கியவர்கள். மதிலுக்கு மேலே தொப்பிகள் தெரிந்தன. யாரோ கத்தினார்கள். துப்பாக்கியைக் கீழே போடச் சொன்னார்கள் என்று பிற்பாடு விசாரணையில் சொன்னார்கள். இருக்கலாம்.

மச்சான் அவர்களைப் பார்த்தார். பயப்படவில்லை, சிரித்த மாதிரிகூட எனக்கு ஞாபகம். பயப்பட வேண்டாம் என்று அடுத்தவனுக்குச் சொல்ல அவருக்குத் தெரிந்தது ஒரே வழிதான். துப்பாக்கியைத் தரையில் ஊன்றினார். குனிந்து குழலில் வாயை வைத்து ஊதினார். அடியிலிருந்து புகை வந்தது. நான் பார்த்தேன். நன்றாகவே வந்தது.

மதிலுக்குப் பின்னால் நின்றவனுக்கு அந்தப் புகை என்ன தெரியும்? துப்பாக்கியை ஊன்றிக் குனிகிறவன் மறுபடி கெட்டிக்கிறான் என்றுதான் தெரியும். ஒரே வெடி. மச்சான் துப்பாக்கியைப் பிடித்தபடியே உட்கார்ந்து, அப்படியே சாய்ந்தார். சோற்றுமூட்டையைப் போட்டுவிட்டு ஓடி அவரைத் தூக்கினேன். "வெறுங்குழலுதான்னு சொல்லு மாப்ள" என்றார். சொன்னேன். தொண்டை கிழியக் கத்தினேன். அவர்கள் வந்து சேரும்போது கேட்பதற்கு அவர் இல்லை.

அதற்குப் பிறகு விசாரணை வைத்தார்கள். அக்காள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் போய் நின்றாள். மேசைமேல் துப்பாக்கி கிடந்தது, எண்ணெய் காணாமல்.

"ஊதிப் பாருங்கய்யா. கெட்டிச்சிருந்தாக் காத்து வராது" என்றாள்.

விசாரணை அதிகாரி குழலைப் பார்த்தார், வாய் வைக்க அவருக்கு மனசு வரவில்லை. அக்காளே எடுத்து ஊன்றி, குனிந்து ஊதினாள். "கையை வைலே" என்று என்னிடம் சொன்னாள். நான் துளைக்கு நேரே உள்ளங்கையை வைத்தேன். காற்று வந்தது. கருகின மருந்து வாடையோடு, வெதுவெதுப்பாக வந்தது. அவளுடைய மூச்சு. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. அதிகாரி தலையை ஆட்டினார். துப்பாக்கியில் மருந்து இல்லை என்பது உண்மைதானாம், ஆனால் அந்தத் தூரத்தில் நின்ற காவலருக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லையாம். அப்படித்தான் முடிவு எழுதினார்கள். துப்பாக்கியையும் திருப்பித் தரவில்லை. லைசென்ஸ்தாரர் இறந்துவிட்டாராம்.

இழவு விசாரிக்க வந்த பாய், வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டு தேம்பினார். "அல்லா, என் இரட்டைக்குழலை அந்தத் தம்பிகிட்டக் குடுத்திருந்தா தோட்டாவ உருவிக் கையில பிடிச்சிட்டுப் போயிருப்பானே" என்றார். அதன் பிறகு நிலைமை அடங்கி, ஸ்டேஷனில் துப்பாக்கிகளைத் திருப்பிக் கொடுத்தபோதும் பாய் தன்னுடையதை வாங்கப் போகவில்லை.

கடலையைப் பன்றி தின்று தீர்த்தது. நாங்கள் தகரத்தைத் தட்டிப் பார்த்தோம், பந்தம் கொளுத்திப் பார்த்தோம். எதற்கும் அசையவில்லை. மிஞ்சின செடியைப் பிடுங்கிக்கொண்டு நானும் அக்காளும் திரும்பிய ஒரு பொழுதுசாயும் நேரத்தில், கண்மாய்க்கரைக் காட்டுக்குள் ஒரு வெடி கேட்டது. ஒப்படைக்காத துப்பாக்கி எவனிடமோ இருந்திருக்கிறது. ஸ்டேஷனிலிருந்து ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை.

அக்காள் சுமையை இறக்கி வைத்துவிட்டு அந்தத் திசையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏலே, ஓடு" என்றாள். "எவனா இருந்தாலும் சரி, குழலை ஊத வேணாம்னு சொல்லிட்டு வா."