தகரக் கூரைக்குக் கீழே ஒரு கரம் போர்ட்

சுந்தரண்ணனின் கருமாதிக்குச் சாமான் வாங்கப் பதுளைக் கடையில் நின்றபோது, மேல் தட்டிலிருந்த முகப்பவுடர் டின் ஒன்று விழுந்து திறந்துகொண்டது. அந்த வாசனை என்னை ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான எங்கள் லயத்தின் கடைசிக் காம்பராவுக்கே கொண்டுபோய் விட்டது. மண்சரிவுக்குப் பயந்து அந்த லயத்தை இடித்துப் பல வருடமாகிறது. ஆளில்லாத அந்தக் காம்பராவில், புகையேறிக் கறுத்த சுவர்களுக்கு நடுவே, கொழுந்துச் சாக்கின்மேல் பழைய கரம் போர்டை வைத்து, அக்காவுக்குத் தெரியாமல் எடுத்துவந்த முகப்பவுடரைத் தூவி, என்னைவிடக் கொஞ்சமே மூத்த சுந்தரண்ணன் எனக்கு ஆடச் சொல்லிக்கொடுத்தார். மழை பிடித்துக்கொண்டால் தகரக் கூரை போடும் இரைச்சலில் கத்தினாலும் கேட்காது என்பதால், எல்லாவற்றையும் கையாலேயே சொல்வார். உள்ளங்கையைக் கவிழ்த்தால் அவசரப்படாதே என்று அர்த்தம். இரண்டு விரலைப் போர்டில் வைத்து என் பக்கம் தள்ளினால், இனி நீ ஆடு. பிற்பாடு என்னைக் கடை வேலைக்குப் பதுளைக்குக் கூட்டிவந்ததும், பெண் பார்க்கக் கூடவே வந்ததும் அவர்தான். முதலாளி முன்னாலும் பெண் வீட்டிலும் நான் படபடத்தபோதெல்லாம் அந்தக் கை மெல்லக் கவிழ்ந்தது.

கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில், வாய் கோணி, பேச்சு நின்று கிடந்தார். விரல்கள் மட்டும் விரிப்பின்மேல் நகர்ந்துகொண்டே இருந்தன.

"அப்பா என்னமோ கேக்குறாரு சித்தப்பா, யாருக்கும் வெளங்கல. தண்ணி குடுத்தாலும் வேணாங்குறாரு" என்று அழுதாள் அவர் மகள்.

குனிந்து பார்த்தேன். இரண்டு விரல், என் பக்கமாக.

"அவரு ஒண்ணும் கேக்கல புள்ள. இனி என்னைய ஆடச் சொல்றாரு" என்றேன்.