வெற்றிலைக்குள் ஒளிந்த ரத்தம்

மற்றவர்கள் முகம் பார்த்துப் பேசுவார்கள். எங்கள் வேலையில் வாயைப் பார்த்துத்தான் பேச வேண்டும். இரவில் எனக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் வேலை. காலையில் படுத்தாலும் தூக்கம் வராது. அதனால் தோட்டத்து டிஸ்பென்சரியில், சீனி வருத்தக்காரர்களுக்கு, அதாவது நீரிழிவு உள்ளவர்களுக்கு, பல்லைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கிறேன். எனக்கும் சீனிதான். முன்பற்கள் போன பிறகுதான் இதையெல்லாம் தேடிப் படித்தேன். வாசிக்கிற உங்களிலும் நம் கட்சிக்காரர்கள் இருப்பீர்கள்.

உள்ளங்கைச் சீனி

கொழுந்து பறிக்கும் லெச்சுமி அக்காவுக்குப் பல் ஆடியது. மருந்து குடித்தும் சீனி இறங்கவில்லை. "இருக்கிற பல்லையாவது காப்பாத்திக் குடு தம்பி" என்று வந்து உட்கார்ந்தார்.

"தேத்தண்ணிக்குச் சீனி போடாதீங்கன்னு டாக்டர் சொன்னாரில்ல?" என்றேன். வெறுந்தேத்தண்ணிக்குச் சீனியைக் கையில் வைத்து நக்கிக் குடிப்பது நம் லயத்து வீடுகளின் வழக்கமாயிற்றே. அக்கா உள்ளங்கையை விரித்துக் காட்டினார்.

"தேத்தண்ணியில ஒரு பொட்டு போடல தம்பி. எல்லாம் இதுலதான்!"

எது பாக்கு, எது ரத்தம்?

உள்ளங்கைச் சீனி அன்றோடு நின்றது. ஈறில் ரத்தம் வருகிறதா என்று கேட்டால் மட்டும், இல்லவே இல்லை என்றார். எப்படித் தெரியும்? நாள் முழுக்க வெற்றிலை, துப்புவதெல்லாம் சிவப்பு. ஈறு புண்ணானால் சீனி இறங்க மறுக்கும், சீனி ஏறினால் ஈறு ஆறாது என்று விளக்கினேன்.

மலையில் குளிருக்கும் பசிக்கும் வெற்றிலைதான் துணை. அதை விடச் சொல்ல எனக்கே வாய் வரவில்லை. அக்காவோ இடுப்பிலிருந்த வெற்றிலைப் பையை அவிழ்த்து என் மேசையில் போட்டுவிட்டுப் போனார். அடுத்த கிளினிக்கில் என் முன்னாலேயே பல் விளக்கித் துப்பினார். வெள்ளைக் கோப்பையில் சிவப்பு. கோப்பையை என் பக்கம் நீட்டினார்.

"அப்ப இத்தன நாளா என் ரத்தத்தயா துப்பிக்கிட்டு இருந்தேன்?"

கொழுந்து நிறுக்கும் இடத்தில்

பல் டாக்டர் இரண்டைப் பிடுங்கினார். மற்றவை மெல்ல இறுகின. சீனியும் இறங்கத் தொடங்கியது. இப்போது கொழுந்து நிறுக்க நிற்கும் பெண்களை எல்லாம் அக்கா விடுவதில்லை: வாயிலிருந்து வெற்றிலையை எடு, ஈறைத் தேய், கொப்பளித்துத் துப்பு, சிவப்பு வருகிறதா பார்.

"இது என்னா, கொழுந்து நிறுக்கிற எடமா, துப்புற எடமா?" என்று கங்காணி சீறினார். அவர் வாயிலும் வெற்றிலை. அக்கா தண்ணீர்ப் போத்தலை நீட்டினார்.

"எங்க கொழுந்த அப்புறம் பாக்கலாம் கங்காணி, மொதல்ல நீங்க துப்புங்க!"

துப்பினார், கொப்பளித்த பிறகும் சிவப்பு; அடுத்த கிளினிக்கில் முதல் ஆளாக வந்து நின்றார்.

நான் பேசினால் கொட்டாவி விட மட்டும் வாய் திறந்த தோட்டம், லெச்சுமி அக்கா ஓர் அதட்டல் போட்டதும் கடைவாய் வரை காட்டுகிறது.