சிஸ்டர் ஏற்றிய வீடியோ

ஆஸ்பத்திரியோடு சேர்ந்த அந்த நர்சிங் பள்ளியில் அவளை எல்லோரும் இன்னும் சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். வார்டு பக்கம் போய் வருடங்கள் ஆகியிருந்தன. ஒரு நோயாளியைத் தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது, பிடித்தது பிடித்ததுதான். இனி கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதும், நிர்வாகம் அவளைப் பள்ளி மாடியில் ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்த்தி வைத்தது. மாணவிகள் வீட்டிலிருந்தே பார்க்கும் பாடப் பக்கங்களில் குறிப்புகளையும் வீடியோக்களையும் ஏற்றுவது வேலை. உட்கார்ந்து செய்கிற வேலைதானே என்றார்கள். உட்காருவதுதான் இடுப்புக்கு ஆகவே ஆகாது என்று அவர்களுக்கு யார் சொல்வது?

வகுப்புகள் தொடங்கும் நேரத்தில் எலும்பு மேடம் போன் செய்தார். எலும்புக்கூட்டைத் தோளில் சாய்த்துக்கொண்டு வகுப்புக்குப் போகிற ஆசிரியைக்கு மாணவிகள் வைத்த பெயர் அது.

"சிஸ்டர், என் பாடத்துல வீடியோ இருந்த இடமெல்லாம் கறுப்புப் பெட்டியா இருக்கு. என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

சிஸ்டர் பக்கத்தைத் திறந்தாள். 'இந்த வீடியோ கிடைக்கவில்லை.' அடுத்ததிலும் அதே. நோயாளியைக் கட்டிலில் புரட்டுவது, உட்கார வைப்பது, சக்கர நாற்காலிக்கு மாற்றுவது எல்லாமே முகம் தெரியாத யாரோ ஒரு பயிற்சியாளர் இணையத்தில் போட்டிருந்த வீடியோக்கள். விடுமுறை முழுக்கத் தேடிப் பிடித்து ஒவ்வொன்றாக ஒட்டியிருந்தாள். அந்த மனிதர் தன் சேனலையே இழுத்து மூடிவிட்டுப் போய்விட்டார்.

கம்ப்யூட்டர் பிரிவுக்கு ஓடினாள். அங்கே இருந்தவருக்கு டிக்கெட் அண்ணன் என்று பெயர். தலை போகிற அவசரமானாலும் முதலில் புகார் டிக்கெட் போடச் சொல்வார்.

"அது வெளியாள் வீடியோ சிஸ்டர். நம்ம கையில இல்ல."

"அப்போ நாமளே எடுத்து நம்ம சிஸ்டத்துலயே போட்டுடலாமா?"

"அவ்வளவு பெரிய ஃபைலை நம்ம சிஸ்டம் தாங்காது. வெளியில ஏத்திட்டு லிங்க்கை ஒட்டுங்க."

"வெளியில இருந்தா நம்ம கையில இல்லன்னு இப்பத்தானே சொன்னீங்க?"

அண்ணன் கொஞ்சம் யோசித்தார். "அதுக்குத் தனியா ஒரு டிக்கெட் போடுங்க."

எலும்பு மேடமோ கேமரா என்றதுமே கையெடுத்துக் கும்பிட்டார். "என் மூஞ்சி இன்டர்நெட்ல சுத்த வேண்டாம் சிஸ்டர். நீங்களே ஏதாவது பண்ணுங்க."

ஆக, எல்லாம் அவள் தலையில் விடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை படுக்கையறைக் கட்டில்தான் வார்டு. பஸ் ஓட்டுகிற கணவர் நோயாளி. ஆள் நல்ல வாட்டசாட்டம். நாத்தனார் போனைப் பிடித்துக்கொண்டு அலமாரியில் சாய்ந்து நின்றாள்.

"அண்ணி, ஓடுது. பேசுங்க."

"நோயாளியின் பாதம் தரையில் ஊன்றியிருக்க வேண்டும்" என்று ஆரம்பித்தாள் சிஸ்டர். "என்னங்க, காலை ஊனுங்க."

"பேஷன்ட்டுக்கு ஏது தெம்பு?" என்று சிரித்தபடி அவர் உடம்பைத் தொளதொளவென்று விட்டார். மொத்தக் கனமும் அவள் மேல் சரிந்தது. இடுப்பில் சுரீர் என்றது. அவரைக் கட்டிலில் தள்ளிவிட்டு அவள் கத்தினாள்.

"விளையாடாதீங்க! அன்னைக்கும் அந்த மனுஷன் இப்படித்தான் சரிஞ்சாரு. துணைக்கு ஒரு ஆள் வாங்கன்னு தொண்டை கிழியக் கத்தினேன். ஒருத்தரும் வரல. கீழ போட்டுட முடியுமா? தாங்கிப் பிடிச்சேன். அப்புறம் விசாரிக்க வந்தவங்க என்ன சொன்னாங்க தெரியுமா? நான் முறைப்படி தூக்கலையாம். தப்பு என் மேலதானாம்!"

நாத்தனார் போனை இறக்கவில்லை, இறக்கத் தோன்றவில்லை.

"நீ ஏதோ அவசரத்துல தூக்கிட்டேன்னுதான் நான் நெனச்சேன்" என்றார் கணவர். "இத்தனை வருஷமா ஏன் சொல்லவே இல்ல?"

"நீங்க கேட்டீங்களா?"

அவர் நிமிர்ந்து உட்கார்ந்து இரண்டு பாதங்களையும் தரையில் அழுத்தி ஊன்றினார். "மறுபடி எடும்மா" என்றார் தங்கையிடம். அதற்குப் பிறகு அவள் சொன்னதைத் தவிர இம்மி அசையவில்லை.

கத்திய பகுதியை வெட்டி எறிந்துவிட்டு மறுநாள் வெளித் தளம் ஒன்றில் ஏற்ற உட்கார்ந்தாள். லிங்க்கை ஒட்டினால் வீடியோவுக்குப் பதில் பக்கம் முழுக்கக் கிறுக்கெழுத்துகள். ஒரு டிக்கெட். அது சரியானதும் வீடியோ அழகாக ஓடியது. ஆனால் மாணவிகளிடமிருந்து ஒன்றும் தெரியவில்லை என்று புகார். மண்டையை உடைத்துக்கொண்டதில் கடைசியில் புரிந்தது: தனக்கு மட்டும் தெரியும்படி ஏற்றியிருக்கிறாள், அதனால் அவளுக்கு மட்டும் ஓடியிருக்கிறது. அதையும் மாற்றினாள். அடுத்தது, பேசுவது வீடியோவுக்கு அடியில் எழுத்தாக ஓட வேண்டும். அது தானாகவே வரும் என்றார்கள். வந்தது. 'இடுப்பை வளைக்காதீர்கள்' என்று அவள் சொன்னது 'அடுப்பை வளைக்காதீர்கள்' என்று வந்தது. வரி வரியாகத் திருத்தினாள். இந்தக் களேபரத்தில் ஒன்றைக் கோட்டை விட்டாள். கடைசி வீடியோவில் ஏறியிருந்தது வெட்டாத ஃபைல்.

பள்ளி முதல்வர் கூப்பிட்டு அனுப்பினார்.

"நம்ம ஆஸ்பத்திரியைப் பத்தி என்னம்மா பேசி வச்சிருக்கீங்க? பிள்ளைங்க எல்லாம் பார்த்திருக்கு."

"தப்பான ஃபைல் ஏறிடுச்சு சார்."

"உடனே எடுங்க."

ஃபைல்தான் தப்பு, சொன்னது தப்பில்லை என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டு மாடி ஏறினாள். ஏறிய வீடியோவை அந்தத் தளத்தில் மாற்ற வழி கிடையாது. நீக்கிவிட்டுப் புதிதாக ஏற்ற வேண்டும். புது லிங்க், எல்லாப் பிரிவுகளின் பக்கங்களிலும் மறுபடி ஒட்டுதல், மறுபடி அடுப்பை இடுப்பாக்குதல். கீபோர்டில் அவள் தட்டிய தட்டில் பக்கத்து அறைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

மாலையில் எலும்பு மேடம் மாடி ஏறி வந்தார். எப்போதும் போனில்தான் பேசுவார்.

"எடுக்கறதுக்கு முன்னாடி பார்த்துட்டேன் சிஸ்டர். வீடியோவுல வேண்டாம், சரி. என் வகுப்புக்கு வந்து நேர்ல சொல்லுங்களேன். அதை யாரும் நீக்க முடியாது."

சிஸ்டர் முரண்டு பிடித்தாள். பிறகு போனாள். தனியாகத் தூக்காதீர்கள், துணைக்கு ஆள் வரும் வரை காத்திருங்கள் என்று நடந்ததை நடந்தபடியே சொன்னாள். ஜன்னலோரம் இருந்த ஒரு பெண் எழுந்தாள்.

"கூப்பிட்டும் யாரும் வரலைன்னா என்ன பண்றது சிஸ்டர்?"

"மறுபடி கூப்பிடுங்க" என்றாள். "சத்தமா கூப்பிடுங்க. யாரைக் கூப்பிட்டீங்க, யார் வரலன்னு அன்னைக்கே எல்லார் காதுலயும் போட்டு வைங்க."

அந்தப் பெண் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள். முகத்தில் திருப்தி இல்லை. சிஸ்டருக்கும் இல்லை. இதைவிட நல்ல பதில் ஒன்றை எவனாவது சொல்லித் தொலைத்திருக்கலாம் என்று பொருமிக்கொண்டே, இடுப்பில் ஒரு கையை வைத்தபடி வராந்தாவில் நடந்தாள்.