லட்சம் மூன்றாகப் பிரியாது

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். ஆனால் எண்ணத் தெரியும். மாமல்லபுரத்துச் சங்குக் கடைகளுக்குச் சோழி கோத்துக் கொடுத்தே இத்தனை வருடம் ஓடிவிட்டது. வெளிநாட்டுக்காரர்கள் மாலையைக் கழுத்தில் போட்டுப் படம் பிடித்துக்கொண்டு, வாங்காமலே போய்விடுவார்கள். அது வேறு கதை.

இந்த ஆடியில் எங்கள் ஊர் அம்மனுக்கு லட்சம் அரளி மொட்டால் அர்ச்சனை என்று வேண்டிக்கொண்டார்கள். மூன்று தெருவும் சமமாகப் பூ தரவேண்டும். எங்கள் ஏரிக்கரைத் தெரு நான்காவது. எங்களிடம் யாரும் பூ கேட்டதே இல்லை, என் அம்மா காலத்திலும் கேட்டதில்லை. பூவை எண்ணிக் கொடுக்க மட்டும் என்னைக் கூப்பிட்டார்கள்.

போனால் ஒரே சண்டை. தெருவுக்கு முப்பத்து மூவாயிரத்து முந்நூற்று முப்பத்து மூன்று போட்டாலும் லட்சத்துக்கு ஒரு பூ குறைகிறது. அந்த ஒரு பூவை அதிகமாகப் போடுகிற தெருவுக்குத்தான் முதல் மரியாதையாம். மூன்று தெருவும் முறைத்துக்கொண்டு நின்றன.

“ஃபோன்ல கணக்குப் போட்டா மூணு மூணா போய்கினே கீது ஆயா,” என்றார் நாட்டாமை.

“பத்தை மூணாப் பிரிச்சா ஒண்ணு மிஞ்சும் நைனா. நூறு, ஆயிரம், லட்சம், எல்லாத்துலயும் அதே ஒண்ணுதான்.”

“பத்தும் லட்சமும் ஒண்ணா? பெருசாப் போனா சரியாப் பூடும்.”

தலையில் அடித்துக்கொண்டேன். ஆயிரம் புளியங்கொட்டையை எண்ணி மூன்று குவியலாகப் போட்டேன். ஒன்று மிஞ்சியது. திரும்ப எண்ணச் சொன்னார்கள். மறுபடியும் ஒன்று.

“ஆயா, முந்தானைய உதறு. ரெண்டு கொட்டை ஒட்டிகினு இருக்கும்,” என்றான் ஒருத்தன். உதறினேன். காலையில் போட்ட வெற்றிலைக் காம்புதான் விழுந்தது.

“ரெண்டு பூ கூடப் போட்டா இன்னா?” என்றான் அவனே.

“லட்சம்னு வேண்டிகினா லட்சந்தான். கூடவும் கூடாது, கொறயவும் கூடாது,” என்றார் பூசாரி.

எரிச்சலில் கொட்டைகளை நான்கு குவியலாகத் தள்ளினேன். குவியலுக்கு இருநூற்றைம்பது. ஒன்றுகூட மிஞ்சவில்லை.

“லட்சமும் இப்டித்தான். தெருவுக்கு இருவத்தஞ்சாயிரம்.”

“நாலாவது தெரு எது?” என்றார் நாட்டாமை.

“நான் இன்னா வானத்துலர்ந்தா குதிச்சேன்?”

பூசாரி சிரித்துவிட்டார். நாட்டாமை ஒரு குவியலைத் தானே எண்ணிப் பார்த்துவிட்டு, “நாளைக்குக் காலைல கொண்டாந்துருவீங்களா?” என்றார்.

இடுப்பு வலியெல்லாம் மறந்து தெருவுக்கு ஓடினேன். முதலில் ஒருத்தியும் நம்பவில்லை. நம்பியதும் சண்டையை ஆரம்பித்தார்கள். முப்பது வீடு. வீட்டுக்கு எண்ணூற்று முப்பத்து மூன்று போக, பத்து பூ மிஞ்சுகிறது. அதில் ஒன்று எனக்கு, எனக்கு என்று முப்பது பேரும் என்மேல் பாய்ந்தார்கள்.

“பூ இன்னும் செடிலதான்டி கீது! மொதல்ல போய்ப் பறிங்க!” என்று தொண்டை கிழியக் கத்தினேன்.