இரண்டாவது செம்புத் தண்ணீர்

எனக்குப் பொறுமை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளை பெற்றால் பெண்ணுக்குப் பொறுமை தானாக வரும் என்று என் அம்மா கடிதம் எழுதியிருந்தார். எனக்கு வந்தது பொறுமை அல்ல, தாகம். முப்பத்தொரு நாள் துடக்கு, தீட்டு என்று ஓர் அறைக்குள் கிடந்து, வாய் திறந்தால் "பச்சை உடம்பு, சும்மா கிட" என்று கேட்டுக்கொண்டிருந்தவளுக்குப் பொறுமை எந்த வழியால் வரும்?

அது எழுபத்தொன்பதாம் ஆண்டுச் சிறுபோகம், குளத்துத் தண்ணீரை நம்பிக் கோடை நெல் விதைக்கும் காலம். வட்டக்கச்சியில் எங்கள் வீடு வாய்க்காலை ஒட்டி இருந்தது. குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் என் கணவர் வீட்டார். மாமனார் காலமாகிவிட்டார். மாமியும் இவரும் நானும்தான் வீட்டில். என் அம்மாவுக்குப் படுக்கையில் கிடந்த அப்பாவை விட்டுவிட்டு ஊரிலிருந்து வர வழியில்லை. அதனால் என் பிள்ளைப்பேறு முழுவதும் மாமியின் கைக்குப் போனது.

வலி விடியவே தொடங்கிவிட்டது. இவர் வயலில் மடை திறந்துகொண்டு நின்றார். மாமி வரம்பில் நின்று கூப்பிட்ட கூப்பாட்டில் பக்கத்துக் காணிக்காரர் தன் உழவு மெசினை இழுவைப் பெட்டியோடு கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். பெட்டிக்குள் வைக்கோல் பரப்பி, மேலே பாய் விரித்து, என்னை ஏற்றினார்கள். கிளிநொச்சி ஆஸ்பத்திரி வரைக்கும் ரோட்டில் எத்தனை பள்ளம் என்று என் இடுப்பைக் கேட்டால் இன்றைக்கும் சொல்லும். ஒவ்வொரு பள்ளத்துக்கும் இவரைத் திட்டினேன். "இஞ்சாருங்கோ, இனி என்ர பக்கம் வந்தீங்களெண்டால் தெரியும்" என்று மாமிக்கு முன்னாலேயே சொன்னேன். மனுஷன் வெட்கப்பட்டு, மெசின்காரரோடு மழையைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார். சிறுபோகத்தில் என்ன மழை?

பின்னேரம்தான் பிறந்தாள். அந்த வலியை இங்கே எழுதப்போவதில்லை. அனுபவித்தவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குச் சொல்லியும் பயனில்லை. "இப்ப ஏன் கத்துறீர்? அந்தப் பலத்தைக் கீழ வையும்" என்று தாதி அதட்டியது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. பெண் பிள்ளை, ஆறேகால் றாத்தல் நிறை. நெஞ்சில் கொண்டுவந்து வைத்தபோது பாசம் பொங்கியது என்று சொன்னால் பொய். இதுவா உள்ளே இருந்து அந்த உதை உதைத்தது என்று ஆச்சரியப்பட்டேன். பிறகு காரணமில்லாமல் அழுதேன். அழுது முடிந்ததும் தண்ணீர் கேட்டேன். தாதி ஒரு தம்ளர் நிறையக் கொடுத்தார். குடித்துவிட்டுத் தம்ளரைக் கீழே வைக்கவும் மாமி உள்ளே வரவும் சரியாக இருந்தது. அவர் முதலில் பிள்ளையைப் பார்க்கவில்லை. வெறும் தம்ளரைத்தான் பார்த்தார். முகம் சாம்பல் பூத்துப் போனது. பெண் பிள்ளை என்பதால் முகம் கறுத்துவிட்டது என்று நான் எடுத்துக்கொண்டேன். அந்தக் கோபத்தை மூன்று கிழமை வளர்த்தேன்.

மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தோம். எனக்கென்று ஒதுக்கியது வாய்க்கால் பக்கத்து அறை. நிலையில் வேப்பிலை, தலைமாட்டில் பேய் அண்டாமல் இரும்புக்கென்று ஒரு சத்தகக் கத்தி, சுவரில் படச்சட்டத்துக்குள் இவருடைய அக்கா. அந்த அக்காவை நான் கண்டதில்லை. நான் கலியாணம் முடித்து வருவதற்குப் பல வருடங்களுக்கு முன்பே காய்ச்சலில் செத்துப்போனதாக இவர் சொல்லியிருந்தார். அதற்கு மேல் அந்த வீட்டில் அவரைப் பற்றி ஒருவரும் கதைப்பதில்லை. மாமி அறைக்குள் வந்தால் எப்போதும் அந்தப் படத்துக்கு முதுகு காட்டித்தான் இருப்பார்.

சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். மல்லி, மிளகு, சீரகம், உள்ளி என்று மாமி அம்மியில் பட்டுப்போல அரைத்துச் சரக்குக்கறி வைப்பார். பால்சுறாவோ விடலைக்கோழியோ, நாளுக்கொன்று. சோறு மட்டும் உதிரி உதிரியாக இருக்கும். கறி சுண்டி வற்றியிருக்கும். அந்த மிளகுக் காரத்துக்கு மேல் குடிக்கக் கிடைப்பது காலையில் அரைப் பேணி மல்லிக் கோப்பி, பின்னேரம் அரைப் பேணி. தண்ணீர் என்ற சொல்லையே எடுக்கக்கூடாது.

"மாமி, ஒரு மிடறு."

"வயிறு வைக்கும். சன்னிக் காய்ச்சல் வரும். பேசாமல் கிட பிள்ளை."

அதோடு கதை முடிந்தது. அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரைக் குறைத்துத்தான் கொடுப்பார்கள். ஆனால் மாமி குறைக்கவில்லை, காவல் காத்தார். அறையில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைப்பதில்லை. முகம் கழுவ வாளி வந்தால் கழுவி முடியும்வரை பக்கத்திலேயே நிற்பார்.

யன்னலுக்கு வெளியே வாய்க்கால். குளத்துக் கதவு திறந்த கிழமை அது. பகல் முழுக்கத் தண்ணீர் சளசளவென்று ஓடிக்கொண்டேயிருக்கும். எருமை வந்து இறங்கிக் குடிக்கும், நாய் குடிக்கும், காகம் குடிக்கும். நான் யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டு நிற்பேன். படுக்க முடியாது. இருக்கவும் முடியாது. தையல் போட்ட இடம் இழுக்க இழுக்க, கட்டிலிலிருந்து கதவுக்கும் கதவிலிருந்து யன்னலுக்கும் நடப்பேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். வயலுக்குத் தண்ணீர் முறை வந்தது என்று இவர் மண்வெட்டியோடு துள்ளிக்கொண்டு போகிறபோது எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் யன்னலுக்குள்ளால் கேட்டேன், "நெல்லுக்குத் தண்ணி கட்டுறியள். எனக்கு ஒரு மிடறு தர இந்த வீட்டில ஆளில்லையோ?"

"அம்மா சொல்லுறதைக் கேளும். அவாவுக்குத் தெரியாததே?" என்று சொல்லிவிட்டு நிலத்தைப் பார்த்தார். அவருக்கும் ஏதோ தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் ஒருவரும் சொல்லவில்லை.

தாகத்தைக்கூடத் தாங்கியிருப்பேன். பிள்ளையின் அழுகையைத் தாங்க முடியவில்லை. வாயில் வைத்தால் இரண்டு இழுவை இழுப்பாள், பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு வீரிட்டுக் கத்துவாள். நெஞ்சில் ஒன்றுமில்லை. பிழிந்தால் ஊசிமுனை அளவு கசியும். முதல் கிழமை அவள் கத்தினது ஊருக்கே கேட்டது. இரண்டாம் கிழமை சத்தம் குறைந்தது. அப்போதுதான் எனக்கு உண்மையிலேயே பயம் பிடித்தது. கைவிரல் நுனியெல்லாம் தோல் சுருங்கிக் கிடந்தது. உச்சிக்குழி உள்ளே போயிருந்தது. பிள்ளை தங்காது என்று மனதுக்குள் ஒரு சொல் வந்தது. அதை விரட்டினேன், அது போகவில்லை.

"சிலருக்கு உடம்பு வாகு அப்பிடி. பால் ஊறாது" என்றார் மாமி. "பேணியில வாற பால்மா வாங்கிக் கரைச்சுக் குடுப்பம்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் தலையணையை எடுத்து எறிந்தேன். மாமி அதை எடுத்துத் தட்டிவிட்டுத் திரும்ப என் தலைமாட்டில் வைத்தார்.

பதினாறாம் நாள் மருத்துவிச்சி சைக்கிளில் வந்தார். அரசாங்க மருத்துவிச்சி, நாங்கள் மிசி என்று கூப்பிடுவோம். பிள்ளையைச் சீலையில் கட்டித் தராசுக் கொளுவியில் தொங்கவிட்டார். முள்ளைப் பார்த்தவர் இன்னொரு தரம் பார்த்தார்.

"ஆறு றாத்தலும் இல்லை. பிறந்த நிறைக்கும் குறைஞ்சு போச்சு. என்ன குடிக்கிறீர்?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாமி, "கோப்பி குடிக்கிறா மிசி" என்றார்.

"கோப்பி காணாது. தண்ணி குடுங்கோ. கொதிச்சாறின தண்ணி, கேக்கக் கேக்கக் குடுங்கோ. தாய் குடிக்காமல் பால் எங்கால வரும்? வாற கிழமை வருவன். அப்பவும் கூடேல்லையெண்டால் ஆஸ்பத்திரிக்குத்தான்."

"ஓம் மிசி, ஓம்" என்றார் மாமி. சைக்கிள் படலையைத் தாண்டியதும் நான் கையை நீட்டினேன். மாமி பிள்ளையின் சீலைகளை அள்ளிக்கொண்டு குசினி அடுப்படிக்குப் போய்விட்டார். தண்ணீர் வரவில்லை. அன்றைக்கும் வரவில்லை, அடுத்த நாளும் வரவில்லை. இந்த மனுஷி என் பிள்ளையைக் கொல்லப் பார்க்கிறது என்று நான் முடிவே கட்டிவிட்டேன். கேவலமான நினைப்புத்தான், ஆனால் நினைத்தேன்.

அதற்குப் பிறகு தலைக்குத் தண்ணீர் வார்க்கும் நாள் வந்தது. கிணற்றடியில் கிடுகு மறைப்புக்குள் என்னை ஒரு பலகையில் இருத்தி, வேப்பிலையும் நொச்சியும் ஆடாதோடையும் போட்டு அவித்த தண்ணீரைக் கிடாரத்திலிருந்து செம்பால் மொண்டு மாமி முதுகில் வார்த்தார். ஆவி மூக்கில் ஏறியது. இரண்டு கையையும் ஏந்தினேன். அந்த அவித்த இலைத் தண்ணீரைக் குடித்தேன். வேப்பங்கசப்பு, சூடு வேறு. கசப்பாவது ஒன்றாவது! மடக்கு மடக்கென்று குடித்தேன்.

செம்பு கல்லில் விழுந்து உருண்டது. மாமி என் தாடையைப் பிடித்துவிட்டார்.

"துப்பு! துப்பு பிள்ளை, துப்படி!"

"துப்ப மாட்டன். இன்னும் குடிப்பன். உங்களுக்கு என்ன, பிள்ளை செத்தால் பறுவாயில்லையோ?"

ஏச்சு வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. மாமி அந்த ஈரத்திலேயே குந்தி இருந்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் என்னை விட்டு நகரவில்லை. என் கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு, புறங்கையால் என் நெற்றியைத் தொடுவார். சற்று நேரத்தில் பாதத்தைத் தொடுவார். திரும்ப நெற்றி. சமைக்கவில்லை, இவர்தான் கடையில் பாண் வாங்கி வந்தார். மூன்று நாள் இப்படியே போனது. எனக்குக் காய்ச்சலும் இல்லை, சன்னியும் இல்லை. தாகம் மட்டும் அப்படியே இருந்தது.

சொன்னபடி மிசி வந்தார். நிறை கூடவில்லை. எனக்கு முன்னால் ஒன்றும் சொல்லாமல் வெளியே போனார். மாமியும் பின்னால் போனார். கதவு சாத்தியிருந்தது, நான் காதை வைத்துக்கொண்டு நின்றேன்.

"மிசி, ஒண்டு கேக்கட்டே? சன்னி தண்ணியாலதானே வாறது?"

"ஆர் சொன்னது? ஊத்தையாலதான் வாறது. கழுவாத கை, அவிக்காத கத்தி, அழுக்குச் சீலை. கிருமி போய்க் காய்ச்சல் வரும். தண்ணி குடிச்சு ஒருத்திக்கும் சன்னி வாறேல்லை."

பிறகு மாமியின் குரல் கேட்டது.

"என்ர மூத்தவள் இந்த வீட்டிலதான் பெத்தவள். அப்ப இஞ்ச மருத்துவிச்சி ஒருத்தரும் இல்லை, நான்தான் தொப்புள்கொடி அறுத்தனான். அஞ்சாம் நாள் தண்ணி தண்ணியெண்டு கெஞ்சினாள். ஒருத்தரும் பாக்காத நேரம் செம்பால அள்ளிக் குடுத்தனான். பச்சைத் தண்ணி, கிணத்துத் தண்ணி. பின்னேரம் காய்ச்சல். ரெண்டு நாளில போயிட்டாள். பிள்ளையும் தங்கேல்லை. நான்தான் குடுத்தனான் மிசி. இவனுக்குக்கூடத் தண்ணி குடிச்சவளெண்டுதான் தெரியும், ஆர் குடுத்ததெண்டு தெரியாது."

கழுவாத கை, அவிக்காத கத்தி என்று கேட்டபோது, கொடி அறுத்ததும் தான்தான் என்பதை மாமி யோசித்தாரோ என்னவோ. மிசி யோசித்திருப்பார். ஆனால் அந்த மனுஷி அதைத் தொடவில்லை.

"உங்கட தண்ணி அந்தப் பிள்ளையை ஒண்டும் செய்யேல்லை அம்மா. தாகத்தோட போக இருந்தவள், தாகம் தீர்ந்து போனாள். அவ்வளவுதான்."

"வடிவாத் தெரியுமோ?"

"வடிவாத் தெரியும்."

நான் கதவை விட்டு வந்து கட்டிலில் இருந்தேன். சுவரில் இருந்த அக்காவை அன்றைக்குத்தான் சரியாகப் பார்த்தேன். என் வயதுதான் இருக்கும். மூன்று கிழமையாக நெஞ்சுக்குள் வைத்து வளர்த்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. மாமியின் மேல் கோபமும் முழுதாகப் போகவில்லை. இரண்டும் ஒன்றாக இருந்தன.

பால் வந்தது பெரிய கதையில்லை. தண்ணீர் குடிக்கத் தொடங்கிய மூன்றாம் நாள் பாலால் சட்டை நனைந்தது. ஒரு கிழமையில் பிள்ளையின் உச்சிக்குழி நிமிர்ந்தது. துடக்குக் கழிக்கிற அன்றைக்கு அவள் கத்தின கத்தில் ஐயர் மந்திரத்தை நிறுத்தினார். இப்போது அவளுக்கு என்னை விட வாய். நான் சொல்ல வந்தது மிசி வந்து போன அந்தப் பின்னேரத்தை.

குசினியில் விறகு வெடிக்கிற சத்தம் கேட்டது. நெடுநேரம் கழித்து மாமி வந்தார். கையில் செம்பு, செம்பின் வாயை வெள்ளைத் துணி மூடியிருந்தது. கொதித்து ஆறின தண்ணீர். கொண்டுவந்தவருக்கு அதைக் கொடுக்க முடியவில்லை. நான் பிடித்த பிறகும் அவர் கை செம்பை விடவில்லை. இரண்டு பேருமாகப் பிடித்தபடிதான் என் வாய்க்குக் கொண்டுவந்தோம். குடித்தேன். கழுத்தால் வழிந்து சட்டைக்குள் ஓடியது. அடிவரைக்கும் குடித்தேன்.

மாமி என் நெற்றியில் கை வைத்தார்.

"காணுமோ?"

"இன்னும் வேணும் மாமி."

அவர் வெறும் செம்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அந்த அறைக்குள் முதல்தரமாகத் திரும்பி, படத்தைப் பார்த்தார்.

"அவளும் இன்னும் வேணுமெண்டுதான் கேட்டவள். நான் குடுக்கேல்லை" என்றார்.

செம்பை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய், நிறைய மொண்டு கொண்டுவந்தார்.